காவிரிக் கரைக் காடும் அதன் உயிர்களும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நமது தர்மபுரி மாவட்டத்தைப் பற்றி வெளியூரார் பேசும்போது பெரும்பாலும் இரண்டு செய்திகளையே சொல்வர். ஒன்று, இது வறண்ட பூமி என்பது; மற்றொன்று, இங்கே ஒகேனக்கல் அருவி இருக்கிறது என்பது. இரண்டும் உண்மையே. ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழைதான் இங்குப் பெய்கிறது. அப்படிப்பட்ட மாவட்டத்தின் மேற்கு எல்லையில் காவிரி பாறைகளை உடைத்துக்கொண்டு ஓடுவது இயற்கை நமக்குக் காட்டிய கருணை எனலாம்.

ஆனால் மூன்றாவதாக ஒரு செய்தியும் உண்டு. அருவிக்கு மேலேயும் கீழேயும் காவிரியின் கரையோரமாகவும், அதை ஒட்டிய மலைச்சரிவுகளிலும் ஒரு பெருங்காடு இருக்கிறது. அக்காட்டில் யானை முதல் மென்னோட்டு ஆமை வரை பலவகை உயிர்கள் வாழ்கின்றன. அருவியைப் பார்த்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பும் நம்மில் பலருக்கு அந்தக் காட்டைப் பற்றித் தெரிவதில்லை. அன்புத் தோழியரே, அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம். படித்து முடிக்கும்போது ஒரு கருத்து மட்டும் உங்கள் நினைவில் நின்றால் போதும். இந்தக் காட்டின் பெருமை அதன் பரப்பைவிட, அது அறுபடாமல் தொடர்ந்து கிடப்பதில்தான் அதிகம் இருக்கிறது.

இடமும் வரலாறும்

குடகு நாட்டின் தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, கர்நாடகத்தைக் கடந்து நம் மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்தை ஒட்டித் தமிழகத்தில் நுழைகிறது. ஒகேனக்கல் என்னும் பெயர் கன்னட மொழியிலிருந்து வந்தது. ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் கல்தான். விழும் நீர் திவலையாகச் சிதறிப் புகைபோல் எழுவதால் ‘புகையும் கல்’ என்று பெயரிட்டார்கள். இப்பகுதியில் காணப்படும் கார்பனடைட் என்ற பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழைமையானவை என்று நிலவியல் அறிஞர்கள் கணித்துள்ளனர். சின்னாறு இங்கேதான் காவிரியில் கலக்கிறது. பிறகு காவிரி மலைகளுக்கிடையே ஓடி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை அடைகிறது.

1965-ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-ஆம் ஆண்டு அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. மாவட்டங்கள் பிரிந்தாலும் காடு பிரியவில்லை. இரு மாவட்டங்களிலும் பரவியுள்ள காப்புக்காடுகளில் ஒரு பகுதி 2014-இல் ‘காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம்’ ஆயிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். பின்னர் 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காட்டைத் தமிழக அரசு ‘காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம்’ என்று அறிவித்தது. இது தமிழகத்தின் 17-ஆவது வனவிலங்குச் சரணாலயம். இங்கே 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவு செய்யப்பட்டுள்ளன என்று அறிவிப்பின்போது அரசு தெரிவித்தது.

நாட்டுப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த அறிவிப்பின் பொருள் விளங்கும். ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடக அரசு 1987-இல் அமைத்த காவிரி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டி மாதேஸ்வரன் மலைக் காடு. அதற்கு அடுத்து பிலிகிரி ரங்கன் மலைப் புலிகள் காப்பகமும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும். அவற்றுக்கும் அப்பால் நீலகிரி. நமது காடு இந்த நீண்ட சங்கிலியின் வடகிழக்குக் கண்ணியாகும். 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயம் அமைந்ததும், காவிரி வடக்குச் சரணாலயத்துக்கும் கர்நாடகத்துக் காவிரிச் சரணாலயத்துக்கும் இடையே பாதுகாக்கப்பட்ட இணைப்பு உண்டாயிற்று.

கரையோர மரங்கள்

இக்காட்டில் ஆற்றங்கரைக் காடு, மலைச்சரிவின் வறண்ட காடு என இருவகை உண்டு. முதலில் கரைக்குச் செல்வோம்.

காவிரிக் கரையில் முதலில் கண்ணைக் கவர்வது நீர்மருது. வெளிறிய வழுவழுப்பான பட்டையும் பருத்த அடிமரமும் உடைய இம்மரம், வேர்களை விரல்கள் போல விரித்து மண்ணையும் பாறையையும் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். வெள்ளம் வரும்போது கரை அரிக்காமல் காப்பது இவ்வேர்களே. இதன் காய்க்கு ஐந்து இறக்கைகள் உண்டு. அது நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். மருதம் பட்டை இதய நோய்க்கு மருந்தாகச் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் பயன்படுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். மருதுடன் நாவல், புங்கம், புளி முதலிய மரங்களும் கரையில் அடர்ந்து நிற்கின்றன. கோடையில் மலைச்சரிவு முழுவதும் இலை உதிர்ந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும்போதும் ஆற்றோரம் மட்டும் ஒரு பச்சை நாடா போலத் தெரியும்.

அந்தப் பச்சை நாடாவை நம்பி வாழும் ஓர் உயிர் சாம்பல் நிற மலை அணில். இது நம் வீட்டு முற்றத்து அணிலைவிடப் பன்மடங்கு பெரியது. வாலே உடம்பளவு நீளமிருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. இதற்கெனவே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. இந்த அணில் பெரும்பாலும் தரைக்கு இறங்குவதில்லை. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே உணவு தேடுகிறது. பகைவரைக் கண்டால் எந்தப் பக்கமும் ஓடித் தப்புவதற்காக, கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இடத்தில்தான் கூடு கட்டுகிறது. கரையில் நான்கு மருத மரங்களை வெட்டினால் நமக்கு அது சிறு இடைவெளியாகத் தோன்றும். அணிலுக்கோ சாலை அங்கே முடிந்துவிடுகிறது.

சரிவுகளும் புல்வெளிகளும்

கரையை விட்டு மேலே ஏறினால் நிலம் வேறு முகம் காட்டுகிறது. மண் ஆழமில்லை, பாறை மேலே தெரிகிறது. இங்கே வளரும் மரங்கள் தாகத்தைப் பொறுக்கப் பழகியவை. அவற்றுள் முதன்மையானது ஆச்சா மரம். இதன் ஒவ்வோர் இலையும் இரண்டு சிற்றிலைகள் இணைந்த வடிவில், பிஞ்சுக் குளம்பு போல இருக்கும். இம்மரத்தின் கட்டை இந்தியாவின் மிகக் கனமான மரக்கட்டைகளுள் ஒன்று. வேர் பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கி நீரைத் தேடுகிறது. பஞ்சகாலத்தில் ஆச்சா இலையே ஆடுமாடுகளுக்குத் தீனி. வெக்காலி, வெப்பாலை, உசிலை, வெள்வேல், சந்தனம், மூங்கில் ஆகியனவும் இச்சரிவுகளில் வளர்கின்றன. ஒகேனக்கல்லில் நாம் ஏறிச் செல்லும் பரிசலின் உடல் மூங்கில் பிளாச்சால் பின்னியதே. முற்காலத்தில் அதன்மேல் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள்.

மரங்களுக்கு இடையே புல். நமது காட்டைப் பற்றிப் பேசுவோர் புல்லை மறந்துவிடுகிறார்கள். மரங்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இடைவிட்டு நிற்பதால் வெயில் தரையில் விழுகிறது; அதனால் முதல் மழை பெய்த சில நாட்களிலேயே சரிவெல்லாம் பச்சைப் பாயாக மாறுகிறது. ஆற்றின் மணல் திட்டுகளில் நாணல் வளர்கிறது. மேட்டில் ஆளுயரத்துக்கு எலுமிச்சை மணம் வீசும் போதைப்புல் வளர்கிறது. அதை அறுத்துக் கூரை வேய்வது நம் மலைக்கிராமங்களின் பழைய வழக்கம்.

இந்தப் புல்லை நம்பியே புள்ளிமானும், கடமானும், காட்டெருமையும் வாழ்கின்றன. கூச்சம் மிகுந்த நாற்கொம்பு மானும் இங்கே உண்டு. இரண்டு கண்களுக்கு மேலே இரண்டு சிறு கொம்பும், காதுகளுக்கிடையே இரண்டு கொம்புமாக ஆண் மானுக்கு நான்கு கொம்புகள். காட்டில் வாழும் விலங்குகளுள் இத்தகைய கொம்பமைப்பு உடையது இது ஒன்றே. கூட்டமாகத் திரியாமல், உயர்ந்த புல்லுக்குள் தனித்தே ஒளிந்து வாழும். மான்களை நம்பிச் சிறுத்தையும் செந்நாயும் வாழ்கின்றன. கரடியோ நாவற்பழம், இலந்தை, தேன், கறையான் என்று கிடைத்ததைத் தின்று, பழத்தின் கொட்டைகளைத் தன் சாணத்துடன் காடெங்கும் விதைக்கிறது.

புல்லுக்கு இன்று பெரும் பகை உண்ணிச்செடியாகும். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டது. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்ப, அது காடுகளுக்குள் நுழைந்துவிட்டது. புதராக மூடிக்கொண்டால் அதன் அடியில் புல் முளைக்காது; மானும் மாடும் அதைத் தின்பதில்லை. கோடையில் தீப்பற்றினால் அது மரத்தின் கிளைவரை தீயை ஏற்றிவிடுகிறது. பூ அழகாக இருக்கிறது என்று இச்செடியை வீட்டில் வளர்ப்போர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆற்றுக்குள்ளே

இனி நீருக்குள் பார்ப்போம். கோடையில் காவிரி மெலிந்து பாறைகளுக்கிடையே சிறு சிறு கால்களாகப் பிரிந்து ஓடும். அப்போதும் வற்றாத ஆழமான இடங்களை மடு என்கிறோம். மழை வரும்வரை ஆற்றின் உயிர்கள் அனைத்துக்கும் மடுவே தஞ்சம்.

மடுவில் வாழும் மீன்களில் சிறந்தது பொம்மீன். மஹசீர் என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். முதுகில் திமில் போல உயர்ந்திருக்கும் ஒருவகைப் பொம்மீன் உலகிலேயே காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுந்தான் உண்டு. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை முற்காலத்தில் பிடிபட்டிருக்கின்றன. இவ்வளவு பெயர்பெற்ற மீனுக்கு, அதன் சரியான அறிவியல் பெயர் எது என்பது 2018-ஆம் ஆண்டில்தான் உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டில் அது ‘மிகவும் அழியும் நிலையில் உள்ள இனம்’ என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன்பிடித்தல் ஆகியவை இந்த நிலைக்குக் காரணங்கள். இன்னொரு காரணம் நாம் பாடமாகக் கொள்ளத்தக்கது. காவிரியில் பொம்மீன் பெருகட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, வேறு ஆற்றுக்குரிய நீலத் துடுப்புப் பொம்மீனின் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்துப் பல ஆண்டுகள் ஆற்றில் விட்டார்கள். அவை பெருகின, ஊர்க்காரனான திமில் பொம்மீன் குறைந்தது. நல்ல எண்ணம் இருந்தாலும், ஆற்றை அறியாமல் அதற்கு உதவி செய்ய முடியாது.

அடுத்தது லீத் மென்னோட்டு ஆமை. இதன் ஓடு கல்போல் கடினமாக இராது. தோல்போல் மென்மையாக இருக்கும். மணலுக்குள் உடலைப் புதைத்து, குழாய் போன்ற மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவிடும். தீபகற்ப இந்தியாவின் ஆறுகளில் மட்டுமே வாழும் இந்த ஆமை இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு மிகவும் அருகிவிட்டது. நமது சரணாலயம் அறிவிக்கப்பட்ட அதே 2022 நவம்பரில், பனாமா நாட்டில் நடந்த உலக மாநாட்டில் இதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை விதிக்க முடிவு செய்யப்பட்டது.

முதலையும் காவிரியின் குடிமகனே. இங்கே வாழ்வது சதுப்புநில முதலை. பெண் முதலை கோடைக்கு முன்பே கரை மணலில் குழி தோண்டி 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவிடும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவரும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பநிலையே முடிவு செய்கிறது என்பது வியப்பன்றோ! வேட்டையால் முதலைகள் அருகிப்போனதைக் கண்டு இந்திய அரசு 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஒகேனக்கல்லிலும் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. சுற்றுலா செல்வோர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

நீர்நாய்கள் குடும்பமாக வாழ்பவை. கரையின் மர வேர்களுக்கடியிலும் பாறைப் பொந்துகளிலும் குட்டி போட்டு, விடியற்காலையில் கூட்டமாக நீந்தி மீனைச் சுற்றி வளைக்கும். சில வேளைகளில் வலையைக் கிழிப்பதால் மீனவர்களுக்கு இவற்றின்மேல் கோபமுண்டு. ஆயினும் நீர்நாய் இருக்கும் ஆறு, மீன் நிறைந்த நல்ல ஆறு என்பதற்குச் சான்றாகும்.

ஆமையும் முதலையும் முட்டையிட மணல் திட்டு வேண்டும். நீர்நாய் குட்டி போட மருத மரத்தின் வேர் வேண்டும். மீன் கோடையைக் கடக்க மடு வேண்டும். மணலை லாரியில் அள்ளிச் சென்றால் போவது மணல் மட்டுமன்று.

பறவைகள்

பறவைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஆற்றின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகு கல் விழுவது போல நீரில் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பரிசலில் இருந்தபடியே காணலாம். ஆற்று ஆலா என்னும் மஞ்சள் அலகுப் பறவை, கூடு கட்டாமல் ஆற்று நடுவே உள்ள மணல் திட்டிலும் பாறையிலும் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. நாய்களும் மனிதர்களும் திட்டுக்கு வந்தாலோ, காலமல்லாத காலத்தில் நீர் பெருகினாலோ முட்டைகள் அழிந்துவிடுகின்றன. மூன்றாவது மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறை நிறைந்த வறண்ட மலைச்சரிவுகளே இதன் வீடு. ‘ஒன்றுக்கும் உதவாத கல்லுமலை’ என்று நாம் ஒதுக்கும் இடம், உலகில் வேறெங்கும் போய் வாழமுடியாத ஒரு பறவைக்குத் தாயகமாக இருக்கிறது.

யானைகளின் வழி

இந்தக் காட்டின் தொடர்ச்சி எவ்வளவு தேவை என்பதை யானையிடம்தான் கற்கவேண்டும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ வரை தீனியும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்று தின்றால் அந்த இடமே அழிந்துவிடும். ஆகவே கூட்டத்தின் மூத்த பெண் யானை வழிகாட்ட, பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றன. மழைக்குப் பின் மேட்டுக் காடுகளில் புல்லும் மூங்கிலும் தேடி அலையும். கோடையில் காவிரியை நோக்கி இறங்கிவரும். கர்நாடகம், தமிழகம் என்னும் எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது.

இவ்வழி எங்காவது வயலாலோ சாலையாலோ வேலியாலோ அறுபட்டால், யானை வயலுக்குள் நுழைகிறது. ஒரே இரவில் ராகியும் வாழையும் நாசமாகின்றன. கடன் வாங்கிப் பயிரிட்டவரின் கண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவது கொடுமை. 2023 மார்ச்சில் நம் மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உயிர் தப்பிய இரண்டு குட்டிகள் தாயின் உடலை விட்டு நகராமல் நின்றன. ஆஸ்கார் விருது பெற்ற ஆவணப்படத்தின் மூலம் உலகமெங்கும் அறியப்பட்ட ரகு என்ற யானைக்குட்டியும், 2017-இல் ஓசூர் வனக்கோட்டத்தில் தாயை இழந்து மீட்கப்பட்டதே. முதுமலை முகாமில் அதை வளர்த்தவர்களின் அன்பை உலகம் போற்றியது. ஆனால் நம் காட்டு யானைக்குட்டிக்குத் தாய் இருந்திருந்தால் அதுவன்றோ சிறப்பு!

காவிரியின் மேல் மேகேதாட்டுவில் அணை கட்டும் திட்டம் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். அதைப் பற்றி இரு மாநிலத்தாரும் தண்ணீர்க் கணக்கையே பேசுகின்றனர். அந்த அணை கட்டப்பட்டால் கர்நாடகப் பகுதிச் சரணாலயத்துக் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

மாடும் மனிதரும்

காட்டைக் காப்பது என்றால் மனிதரை வெளியே நிறுத்துவது என்று சிலர் எண்ணுகின்றனர். இது அவ்வளவு எளிதான கேள்வியன்று. எங்கள் வீட்டிலேயே இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு.

ஒகேனக்கல்லை அடுத்த ஆலம்பாடி என்னும் ஊரின் பெயரால் ஒரு மாட்டினம் இருக்கிறது. கருஞ்சாம்பல் நிறம், புடைத்த நெற்றி, பின்னோக்கி வளைந்த கொம்பு, கல்லிலும் முள்ளிலும் சளைக்காமல் நடக்கும் கால்கள் கொண்டது ஆலம்பாடி மாடு. பால் குறைவு; உழவுக்கும் வண்டிக்கும் நிகரில்லை. தலைமுறை தலைமுறையாக இம்மாடுகள் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கப்பட்டவை. டிராக்டர் வந்தபின் இவற்றின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது.

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் வாழும் என் தாத்தாவிடம் ஒருகாலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலம்பாடி மாடுகள் இருந்தனவாம். இப்போது இரண்டே இரண்டுதான். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்து, பின்பு அத்தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களுக்கே பொருந்தும் என்று வரையறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் காடு சரணாலயமாயிற்று. தடைக்குத் தக்க காரணங்கள் உண்டு. மாடுகள் மிகுந்தால் மானுக்குப் புல் இல்லை. கோமாரி போன்ற நோய்கள் மாட்டிடமிருந்து காட்டெருமைக்கும் மானுக்கும் தொற்றும். வகுப்பில் நான் படித்த இதையெல்லாம் சென்ற விடுமுறையில் தாத்தாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“நீ சொல்றது சரிதான் கண்ணு. ஆனா புல்ல மாடு மட்டுமா தின்னுச்சு? உண்ணிச்செடி தின்னுடுச்சே, அத யாரு கேக்கறாங்க? நாங்க காட்டுல இருந்தப்போ தீ புடிச்சா மொதல்ல ஓடினது நாங்கதான்” என்றார்.

“அப்போ காட்ட யாரு காப்பாத்தணும் தாத்தா?” என்று கேட்டேன்.

“அதுல வாழறவங்கள கூட வெச்சுக்கிட்டாத்தான் காப்பாத்த முடியும்” என்றார்.

சிந்தித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்ந்துவந்த மக்களின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. சரணாலயத்துக்கும் அச்சட்டம் பொருந்தும். எங்கே மேயலாம், எத்தனை மாடு, எந்தப் பருவத்தில் என்பதை வனத்துறையும் கிராமத்தாரும் கூடிப் பேசி முடிவு செய்யலாம். உண்ணிச்செடியை வேரோடு களைந்து புல்லை மீட்கும் வேலையை அம்மக்களுக்கே கூலி கொடுத்துத் தரலாம். நாற்கொம்பு மான் அழிவது எப்படி இழப்போ, இந்த மண்ணிலேயே உருவான ஆலம்பாடி மாடு அழிவதும் அப்படியே இழப்பாகும். ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடாத வழியைப் பெரியோர்கள் காணவேண்டும்.

நம் வீட்டுக் குழாயில்

“நாங்கள் தர்மபுரி நகரத்தில் இருக்கிறோம், காட்டுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கும் தோழியருக்கு ஒரு பதில் உண்டு. நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. அதைப் பல ஆண்டுகள் குடிப்பதால் பற்களில் பழுப்புக் கறை படியும். எலும்பும் மூட்டும் வளையும். நம் பாட்டிமார் பலர் இத்துன்பத்தை அனுபவித்தவர்களே. இதற்குத் தீர்வாக ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்ட மக்களும் இன்று குடிப்பது காவிரி நீரையே.

அந்த நீர் காட்டின் வழியே வருகிறது. சரிவில் புல்லும் சருகும் இருந்தால் மழைநீர் மெல்ல நிலத்தில் இறங்கி, ஊற்றாகக் கசிந்து ஓடைகளை நனைக்கிறது. சரிவு மொட்டையானால் மழை மண்ணோடு உருண்டு ஆற்றில் விழுகிறது. கரையில் மருது நின்றால் நீர் தெளிகிறது. எனவே காலையில் செம்பில் நீர் பிடிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் காட்டோடு தொடர்புடையவரே.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்களைப் பெரியவர்கள் செய்யட்டும். மாணவியராகிய நாமும் சில செய்யலாம்.

ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல் பெயர்பெற்றது. குளித்தபின் ஷாம்பு பாக்கெட்டுகளையும் சோப்புத் தாள்களையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருவோர் பலர். ஆடிப்பெருக்கன்று வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். நம் குடும்பம் செல்லும்போது ஒரு துணிப்பையை எடுத்துச் சென்று, நம் குப்பையை நாமே திருப்பிக் கொண்டுவருவோம்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதிருப்போம். கொடுத்துப் பழக்கினால் அவை காட்டில் பழம் தேடுவதை விட்டுச் சாலையில் நிற்கும். வண்டிச் சக்கரத்தில் அடிபடும்.

கோடையில் காட்டோரத்தில் அடுப்பு மூட்டுவதையும், அணையாத பீடித்துண்டை எறிவதையும் கண்டால் மரியாதையோடு எடுத்துச் சொல்வோம். வயல் வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், மனித உயிரையும் அது குடிக்கும் என்பதை வேளாண் குடும்பத்துத் தோழியர் வீட்டில் பேசலாம்.

பள்ளித் தோட்டத்தில் உண்ணிச்செடி இருந்தால் களைந்துவிட்டு, அந்த இடத்தில் புங்கமும் நாவலும் நடலாம். நட்டபின் கோடை முழுவதும் நீர் ஊற்றுவதே உண்மையான நடுகை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தாத்தா பாட்டியரிடம் காட்டைப் பற்றிக் கேட்போம். எந்த மடுவில் எந்த மீன் இருந்தது, எந்தப் புல் எந்த நோய்க்கு மருந்து, யானை எந்த வழியாக இறங்கியது என்பனவெல்லாம் பலவும் புத்தகங்களில் இல்லை. அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் நாளை ஒரு ஆராய்ச்சியாளருக்கும் அது உதவும். ஒருவேளை அந்த ஆராய்ச்சியாளர் நம்மில் ஒருத்தியாகவும் இருக்கலாம்.

கிளையைப் பிடித்து அணிலும், புல்லைப் பிடித்து மானும், மணலைப் பிடித்து ஆமையும், வழியைப் பிடித்து யானையும், குழாயைப் பிடித்து நாமும் ஒரே காட்டைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறோம். சட்டம் 2022-இல் அக்காட்டுக்கு வேலி போட்டது. அந்தக் காடு எங்கும் அறுபடாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரச் செய்வது நம் ஒவ்வொருவரின் கடமையாகும். அக்கடமையை மகிழ்ந்து செய்வோமாக!